மெழுகு உருகிய முகம்

ஒரு பெண்ணுக்கு 22 வயது. ஊரே திரும்பிப் பார்க்கும் அழகி. எழுத்தாளர்களும் ஓவியர்களும் அவளைப் புகழ்ந்து மாய்ந்துபோகிறார்கள். ஆனால், கண்ணாடி முன்னால் நின்றால் அவளுக்கு மட்டும் ஒரு குறை தெரிகிறது. நெற்றியும் மூக்கும் சேருகிற இடத்தில் லேசாக ஒரு பள்ளம். அதை மட்டும் நிரவிவிட்டால்..?

நிரவினாள். எதை வைத்து தெரியுமா? மெழுகை வைத்து! உருக்கிய பாரஃபின் மெழுகை ஊசி வழியாக மூக்குத்தண்டில் ஏற்றிக்கொண்டாள். வருஷம் 1903. அந்த ஊசி அவள் வாழ்க்கையை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். 'என்னிக்கோ, எங்கேயோ நடந்த கதை நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். '25 வயசுலயே கன்னம் தொங்கற மாதிரி இருக்கே' என்று நீங்களோ உங்கள் வீட்டுப் பெண்ணோ, பையனோ எப்போதாவது கவலைப்பட்டிருந்தால், இது உங்களுக்கான கதையும்கூட.

அந்தப் பெண்ணின் பெயர் கிளாடிஸ் டீக்கன். பெற்றோர் பணக்கார அமெரிக்கர்கள். பிறந்தது 1881-ல், பாரிஸில். குழந்தைப் பருவமே ரத்தக்களறி. 1892-ல் அவளுடைய அப்பா, தன் மனைவியின் காதலனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டார். கிளாடிஸுக்கு அப்போது 11 வயது. 14 வயதில், இங்கிலாந்தின் மார்ல்பரோ கோமகன் வேறொரு அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட செய்தியைப் படித்துவிட்டு, 'எனக்கு வயசு பத்தலையே, இல்லாட்டி அவரை நான் பிடிச்சிருப்பேனே!' என்கிற தொனியில் அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். பொல்லாத பெண்தான்!

வளர்ந்ததும் ஐரோப்பாவே அவள் காலடியில். நாவலாசிரியர் ப்ரூஸ்ட் வியந்தார். சிற்பி ரோதின், ஓவியர் மோனே எல்லாம் நண்பர்கள். ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் மயங்கிப்போய்த் தன் மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார். அரண்மனை தலையிட்டு அதைத் திருப்பி வாங்கவேண்டியதாயிற்று.

இவ்வளவும் இருந்தும் கிளாடிஸுக்குப் போதவில்லை. பழைய கிரேக்கச் சிலைகளைக் கவனித்திருக்கிறீர்களா? நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல ஒரே நேர்க்கோடு. அந்தக் கோடு தனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

மெழுகை உடம்புக்குள் செலுத்தும் யோசனை அப்போது புத்தம் புதுசு. வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற சர்ஜன் 1899-ல் ஆரம்பித்துவைத்தார். காசநோயால் விரைகளை இழந்த ஓர் இளைஞனுக்கு, அந்த இடம் வெறுமையாகத் தெரியாமலிருக்க வாஸ்லினை உருக்கி ஊசியில் ஏற்றினார். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. செய்தி பரவியது. வாஸ்லின் இளகுகிறதா? இன்னும் கெட்டியான பாரஃபினைப் போடு என்றார்கள். தட்டை மூக்குக்கு, ஒட்டிய கன்னத்துக்கு, நெற்றிக் கோட்டுக்கு, தொய்ந்த தோலுக்கு... எல்லாவற்றுக்கும் மெழுகு! கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கேட்கும்போதே கை துறுதுறுக்கிறது, இல்லையா?

பிரச்னை பிறகுதான் வந்தது. மெழுகை உடம்பு தன்னுடையதாக ஏற்கவே இல்லை. அதைச் சுற்றிக் கெட்டியான சதையை வளர்த்தது. வருஷக்கணக்கில் கழித்துக்கூடக் கட்டி கட்டியாகக் கிளம்பியது. 'பாரஃபினோமா' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சிலருக்கு மெழுகு ரத்தக்குழாய்க்குள் நுழைந்து கண் பார்வை போனது. சிலருக்குப் போட்ட இடத்தைவிட்டு நகர்ந்தது. வெட்டி எடுக்கலாம் என்றால், சதையோடு பின்னிக் கிடக்கிற மெழுகை எப்படிப் பிரிப்பது?

கிளாடிஸுக்கு நடந்ததும் இதுதான். மெழுகு மூக்கில் நிற்காமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, தாடையில் போய்த் தங்கியது. கிரேக்கச் சிலையாக ஆசைப்பட்டவளின் முகம் வருஷத்துக்கு வருஷம் உருக்குலைந்தது. முகம் தொங்காத வயதில் போட்ட ஊசி, முகத்தைத் தொங்கவைத்துவிட்டது!

ஆனாலும் 14 வயது ஆசை நிறைவேறியது. 1921-ல், 40 வயதில், அதே மார்ல்பரோ கோமகனை மணந்து பிளென்ஹைம் அரண்மனைக்குள் நுழைந்தார். அந்த வாழ்வு நிலைக்கவில்லை. கல்யாணம் கசந்து, 1933-ல் அரண்மனையைவிட்டு வெளியேற்றப்பட்டார். பிறகு ஒரு கிராமத்து வீட்டில் யாரையும் பார்க்காமல் தனிமை. 1962-ல் மனநல மருத்துவமனை. அங்கேயே 1977-ல், 96 வயதில் இறந்தார். அந்தத் துயரத்துக்கு மெழுகு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால், ஐரோப்பாவே பார்த்து ஏங்கிய ஒரு முகம், ஒரே ஓர் அவசர முடிவால் போனது என்பது மட்டும் நிஜம்.

சரி, மெழுகு தோற்றதும் மனிதர்கள் அடங்கிவிட்டார்களா என்ன? சிகாகோவில் சார்லஸ் மில்லர் என்ற டாக்டர், பட்டு நூல், செல்லுலாய்டு துணுக்கு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் தோலுக்கடியில் வைத்துப் பார்த்தார். இன்னொரு பக்கம், 'உள்ளே எதையாவது திணிப்பதைவிட, தொங்கற தோலை இழுத்துத் தைத்தால் என்ன?' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1901-ல் பெர்லினில் யூஜின் ஹாலண்டர் என்ற சர்ஜனிடம் போலந்து நாட்டுச் சீமாட்டி ஒருவர் வந்தார். காதோரம் இங்கே வெட்டு, இப்படி இழு என்று படமே வரைந்து காட்டி நச்சரித்தார். டாக்டரும் செய்தார். முதல் 'ஃபேஸ் லிஃப்ட்' என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். ஐடியா கொடுத்தது பேஷன்ட்!

1906-ல் எரிக் லெக்ஸர் என்ற ஜெர்மானிய சர்ஜனிடம் வந்த நடிகை அதைவிடப் பாவம். ராத்திரி தோறும் நெற்றிப்பொட்டில் பிளாஸ்திரி ஒட்டி, ரப்பர் பட்டையால் தலைக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு தூங்கியவர் அவர்.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சுசான் நோயல். பிரெஞ்சு டாக்டரம்மா. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு சிகிச்சை செய்து தொழில் பழகியவர். அவரிடம் வந்தவர்களில் பலர், 'முகத்துல வயசு தெரியுது' என்பதாலேயே வேலை பறிபோகும் நிலையிலிருந்த உழைக்கும் பெண்கள். அழகு சிகிச்சைக்குச் சமூகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று 1926-ல் புத்தகமே எழுதினார். ஏழைகளிடம் காசு வாங்க மாட்டார். ஆக, அழகு சிகிச்சை என்றாலே வீண் பகட்டு என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

அப்புறம் சிலிக்கான் திரவம் வந்தது. 1960-களில் லாஸ் வேகாஸ் நடனப் பெண்கள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். அதே கட்டி, அதே நகர்வு. கடைசியில் நெவாடா மாநிலம் தடையே போட்டது. மெழுகு கற்றுக்கொடுத்த பாடத்தை அறுபது வருஷத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தார்கள்.

1981-ல்தான் கொஞ்சம் விடிந்தது. மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் ஊசிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. சில மாதங்களில் தானே கரைந்துவிடும். அடுத்து ஹையலுரானிக் அமிலம். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் தோலிலும் இயற்கையாகவே இருக்கிறது. 1996-ல் ஐரோப்பாவிலும் 2003-ல் அமெரிக்காவிலும் ஃபில்லராக விற்பனைக்கு வந்தது. இதன் பெரிய சிறப்பு, பிடிக்காவிட்டால் இன்னோர் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம் என்பதுதான். கிளாடிஸுக்குக் கிடைக்காத வரம்! அதற்காக ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. ஃபில்லர் தப்பான ரத்தக்குழாயில் ஏறினால் தோல் அழுகலாம். அபூர்வமாகப் பார்வையும் போகலாம். 1903-ல் இருந்த அதே அபாயம்தான்.

இப்போது உங்கள் கன்னத்துக்கு வருவோம். முகம் என்பது தோல் மட்டுமல்ல. அடியில் எலும்பு, அதன்மேல் தசை, கொழுப்புப் பொதிகள், இவற்றைப் பிடித்து நிறுத்தும் நார்கள், எல்லாவற்றுக்கும் மேலே போர்வை மாதிரி தோல். இதில் எது குறைந்தாலும் 'தொங்குது' என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால், வைத்தியம் ஒன்றல்ல.

20-களில் பலருக்கு நடப்பது தொய்வே இல்லை. குழந்தைக் கொழுப்பு வடிந்து, முகம் பெரிய மனிதத்தனம் அடைகிறது, அவ்வளவுதான். சிலர் மளமளவென்று எடையைக் குறைத்திருப்பார்கள். ஓஸெம்பிக் மாதிரி மருந்துகள் வந்தபின் இது அதிகம். அவர்களுக்கு, எடை ஒரு நிலைக்கு வரும்வரை பொறுத்திருப்பதே முதல் சிகிச்சை. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். நெற்றிக் கோட்டுக்கு உதவும். தொங்குகிற கன்னத்தைத் தூக்கிவிடாது. சூடேற்றும் மெஷின்கள் தோலை ஓரளவு இறுக்கலாம். ஆனால், ஏற்கெனவே ஒட்டிப்போன முகத்தில் சூடு ஆழமாக இறங்கி, மிச்சக் கொழுப்பையும் கரைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நூல் கோத்துத் தூக்குவது பெரும்பாலும் சில மாதக் கூத்து. ஃபேஸ் லிஃப்ட் 20-களில் யாருக்கும் அநேகமாகத் தேவைப்படாது.

செலவில்லாத சமாசாரம் ஒன்று சொல்லட்டுமா? ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 55 வயதுக்கு உட்பட்டவர்களை நாலரை வருஷம் கவனித்தார்கள். தினமும் சன்ஸ்க்ரீன் தடவியவர்களின் தோலில், அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரிகிற முதுமை கூடவே இல்லை. 2013-ல் வெளிவந்த ஆய்வு இது. இதோடு சிகரெட்டையும் விட்டுவிட்டால், 20-களில் இதைவிட நல்ல முதலீடு இல்லை.

அதையும் தாண்டி ஊசிதான் என்று முடிவெடுத்தால், தோல் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போங்கள். வேறு யாரிடமும் வேண்டாம். உட்கார்ந்ததும் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: 'எனக்குக் குறைந்திருப்பது கொழுப்பா, தோலா, எலும்பா? நீங்கள் போடப்போகும் பொருளின் பெயர் என்ன? பிடிக்காவிட்டால், வேண்டாத விளைவு வந்தால், அதை எப்படி எடுப்பீர்கள்?'

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பிளென்ஹைம் அரண்மனைத் தோட்டத்தில் ஈயத்தால் செய்த இரண்டு ஸ்ஃபிங்க்ஸ் சிலைகள் இருக்கின்றன. உடம்பு சிங்கம், முகம் கிளாடிஸ். வாசல் மண்டபத்தின் மேற்கூரையில் அவருடைய நீலக் கண்களையும் ஓவியமாகத் தீட்டிவைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், அந்தக் கண்களில் ஒரு குறையும் தெரியாது. 1903-க்கு முன்னால், அவரைத் தவிர வேறு யாருக்கும் அவர் மூக்கிலும் எந்தக் குறையும் தெரிந்ததில்லை.