சம ஊதியமும் இரண்டு பொதுவாக்கெடுப்புகளும்

லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது பிர்க்கன்ஹெட். அங்கே கேமல் லேர்ட் கப்பல் கட்டும் தளத்தின் கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவர் ஜூலி ஹேவர்ட் என்ற இளம்பெண். 1984இல் அவர் ஒரு வழக்குத் தொடுத்தார். அதே தளத்தில் வேலைபார்த்த தச்சர், பெயின்டர், வெப்பக்காப்பு வேலை செய்பவர் ஆகிய மூன்று ஆண்களின் உழைப்புக்குத் தன் சமையல் மதிப்பில் குறைந்ததல்ல, ஆகவே அவர்களுக்குத் தரும் அடிப்படைக் கூலியே தனக்கும் வேண்டும் என்றார். தொழில் தீர்ப்பாயம் வேலைகளின் மதிப்பு சமம் என்றது. உணவு இடைவேளைக்கும் நோய் விடுப்புக்கும் அவருக்குச் சலுகை தருகிறோமே, அதையும் கணக்கில் சேருங்கள் என்றது நிர்வாகம். 1988இல், அன்று நாட்டின் இறுதி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை, ஜூலி பக்கமே தீர்ப்பளித்தது.

பிரிட்டன் ஐரோப்பாவைவிட்டு விலகிய கதையைத் தலைவர்களிடமிருந்து தொடங்குவதே வழக்கம். நான் இந்தச் சமையற்கூடத்திலிருந்து தொடங்குகிறேன். ஜூலியின் வழக்குக்கு இடம்கொடுத்த சட்டம் பிரிட்டனின் வாக்குப்பெட்டியிலிருந்து தானாகப் பிறந்ததல்ல.

1918இல் முப்பது வயது நிரம்பிய, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கும் அத்தகைய ஆண்களின் மனைவியருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆண்களைப் போல 21 வயதிலேயே வாக்களிக்க 1928வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சம வாக்கு வந்த பிறகும் சம ஊதியச் சட்டம் வர 42 ஆண்டுகள் ஆயின. அதையும் தேர்தல் கொண்டுவரவில்லை. 1968இல் டேகன்ஹம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை அழைத்துப் பேசிய தொழிற்கட்சி அமைச்சர் பார்பரா காசில் 1970இல் சம ஊதியச் சட்டத்தை நிறைவேற்றினார். ஆனால் அதில் ஓர் ஓட்டை. ஒரே மாதிரியான வேலைக்குத்தான் சம கூலி கேட்கலாம். வேறு வேலையோடு ஒப்பிட வேண்டுமானால், வேலைகளை மதிப்பிட முதலாளி சம்மதித்திருக்க வேண்டும். பெண்கள் மட்டுமே செய்கிற சமையலையும் தையலையும் பிறகு எந்த ஆணின் வேலையோடு ஒப்பிடுவது?

1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்தது. நீடிப்பதா விலகுவதா என்று 1975 ஜூன் 5 அன்று பொதுவாக்கெடுப்பு. பார்பரா காசில் விலகச் சொன்னார். உணவு விலை ஏறும், மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தின் அதிகாரம் போய்விடும் என்றார். கன்சர்வேட்டிவ் கட்சியின் புதிய தலைவர் மார்கரெட் தாட்சர், உறுப்பு நாடுகளின் கொடிகள் பின்னிய கம்பளிச் சட்டை அணிந்து, நீடிக்கச் சொன்னார். 67 சதவீதம் பேர் நீடிக்க வாக்களித்தனர்.

அதன்பின் நடந்தது இருவருமே எதிர்பாராதது. 1957 ரோம் ஒப்பந்தத்தின் 119ஆம் பிரிவு சம ஊதியத்தைச் சொல்கிறது. பெண்கள்மீது கொண்ட அக்கறையால் எழுதப்பட்டதல்ல அது. தன் சட்டத்தில் சம ஊதியம் இருந்ததால், குறைந்த கூலி நாடுகளோடு தன் ஆலைகள் போட்டியிட முடியாது என்று பிரான்ஸ் அஞ்சியது. ஆண்டுக்கணக்கில் தூங்கிய அந்தப் பிரிவைத் தட்டி எழுப்பியவர் பெல்ஜிய விமானப் பணிப்பெண் கேப்ரியல் டெஃப்ரென். அவர் தொடுத்த வழக்கில், எந்தப் பெண்ணும் இந்தப் பிரிவைக் காட்டித் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே உரிமை கேட்கலாம் என்று லக்சம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. 1982இல் அதே நீதிமன்றம், பிரிட்டனின் சட்டம் போதாது என்றது.

சட்டத்தைத் திருத்தும் வேலை தாட்சர் அரசின் தலையில் விழுந்தது. 1983 ஜூன் பொதுத்தேர்தலில் தேர்வான 650 பேரில் பெண்கள் 23 பேர். அடுத்த மாதம் ஓர் இரவு, இளநிலை அமைச்சர் ஆலன் கிளார்க் அந்தத் திருத்தத்தை அவையில் ஏனோதானோவென்று வாசித்தார். மது சுவைக்கும் விருந்திலிருந்து வந்திருந்ததைப் பிற்பாடு தன் நாட்குறிப்பில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சக உறுப்பினர் குடித்திருக்கிறார் என்று சொல்ல அவை மரபு இடம்தராது. அதைச் சுட்டிக்காட்டியபடியே, அமைச்சர் நிதானத்தில் இல்லை என்றார் புதிதாகத் தேர்வாகியிருந்த கிளேர் ஷார்ட். சொன்னதைத் திரும்பப் பெறும்படி அவரிடம்தான் கேட்கப்பட்டது. அந்த இரவில் நிறைவேறிய திருத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜூலி நீதிமன்றம் ஏறினார். 1994இல், பெரும்பாலும் பெண்களாக இருந்த பகுதிநேரத் தொழிலாளர்களுக்கும் வேலைப் பாதுகாப்பில் சம உரிமை கிடைத்ததற்கு ஐரோப்பியச் சட்டமே துணை.

2016இல் இரண்டாவது வாக்கெடுப்பு வந்தபோது, ‘கட்டுப்பாட்டை மீட்டெடுப்போம்’ என்பது விலகல் அணியின் முழக்கம். குடியேற்றமும் பணமும் எல்லையும் மேடைகளை நிறைத்தன. கேன்டீன் சமையலாளரின் கூலி அங்கே பேச்சாகவில்லை. லண்டனில் குடியிருந்த இந்திய, இலங்கைக் குடியுரிமை கொண்ட தமிழ்ப் பெண்கள், காமன்வெல்த் நாட்டவர் என்பதால் வாக்களிக்கலாம். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலைசெய்த போலந்துப் பெண்ணுக்கு வாக்கில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, நீடிக்கக் கோரிய தொழிற்கட்சி உறுப்பினர் ஜோ காக்ஸ் தன் தொகுதியிலேயே வலதுசாரி வெறியன் ஒருவனால் கொல்லப்பட்டார். 51.9 சதவீதம் பேர் விலக வாக்களித்தனர்.

2019 டிசம்பர் தேர்தல் விலகலை உறுதிசெய்தது. அவையில் பெண்கள் 220 ஆனார்கள். ஆனால் வசைக்கும் மிரட்டலுக்கும் சலித்துப் போட்டியிடாமல் ஒதுங்கியவர்களும் இருந்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. 2023இன் முடிவில் ஐரோப்பியச் சட்டத்தின் பொதுக்கோட்பாடுகள் பிரிட்டனில் செல்லுபடியாகாமல் போயின. சம ஊதியம், கர்ப்பகாலப் பாதுகாப்பு தொடர்பான சில உரிமைகளை அரசு உள்நாட்டு விதிகளாக மாற்றி எழுதிக் காப்பாற்றியது. உரிமை பறிபோகவில்லை. ஆனால் லக்சம்பர்க் என்ற வாசல் அடைபட்டது. எழுதியதை அழிக்க இனி ஒரு நாடாளுமன்றப் பெரும்பான்மை போதும்.

பார்பரா காசிலின் கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். நம்மை ஆளும் சட்டத்தை எழுதுகிறவர்களை நாம் வாக்கால் அகற்ற முடிய வேண்டும் என்பது நியாயமான கேள்வி. 1979இல் அவரே ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு வென்று பத்தாண்டுகள் இருந்தார். எதிர்த்த இடத்துக்குள்ளும் போய் வேலைசெய்யலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பாவும் பெண்களுக்கு எதையும் தானாகத் தரவில்லை. டெஃப்ரென் கேட்டார், ஜூலி கேட்டார், அதனால் கிடைத்தது. டேகன்ஹம் பெண்களுக்குத் தங்கள் திறனுக்குரிய தரம் கிடைத்தது, 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் செய்த பிறகுதான்.

ஆகவே ‘கட்டுப்பாடு நம் கைக்கு வருகிறது’ என்று யார் சொன்னாலும், எந்த நாட்டில் சொன்னாலும், அந்த 1983 இரவை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கூலி அவைக்கு வரும் இரவில் அங்கே நம்மில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேளுங்கள்.