வரிக்கு வரி நிறம்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்க ரஃப் நோட்டு வாங்கியதே இல்லை. அப்பா அலுவலகத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர் தாளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். ஏறக்குறைய 15 அங்குல அகலம், இரண்டு ஓரத்திலும் துளைகள், ஒரு பட்டை வெளிர்பச்சை, ஒரு பட்டை வெள்ளை. பின்பக்கம் எங்களுக்கு. முன்பக்கத்தில் ஏதோ கணக்கு நெருக்கி அடித்திருக்கும். பச்சை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "இந்தக் கோடியில பேரு, அந்தக் கோடியில தொகை. நடுவுல கண்ணு வழுக்கிடக் கூடாதுல்ல" என்றார்.

ஐபிஎம் 1403 அச்சு இயந்திரம் 1959-இல் வந்தது. ஒரு வரிக்கு 132 எழுத்து என்ற அகலம் அதோடு பழகிப்போனது. அவ்வளவு நீள வரியைக் கண்ணால் தொடர்ந்துபோகத்தான் பட்டைத் தாள். அங்கே நிறம் தாளுக்குச் சொந்தம். எந்தப் பெயர் எந்தப் பட்டையில் விழுகிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

2003-இல் நான் வேலைக்குச் சேர்ந்து முதலில் எழுதியது, ஒரு சீட்டு நிறுவனத்துக்கான சந்தாதாரர் பட்டியல். பிஎச்பி நிரல். வரிசை எண்ணை இரண்டால் வகுக்க வேண்டும். மீதி இல்லையென்றால் வெள்ளை, ஒன்று மீந்தால் சாம்பல். நிறத்தைப் பட்டியலுக்குள்ளேயே 'பிஜிகலர்' என்று எழுதினோம். 1997-இல் வந்த எச்டிஎம்எல் 4 அதைக் கைவிடச் சொல்லியிருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்ல ஹோகன் வியூம் லீ 1994-இல் முன்மொழிந்த சிஎஸ்எஸ் 1996 டிசம்பரிலேயே தரமாகிவிட்டதுதான். ஆனால் 'எல்லா வரிசைக்கும் இந்த நிறம்' என்று அதனிடம் சொல்லலாமே தவிர, 'ஒன்றுவிட்டு ஒன்றுக்கு' என்று சொல்ல முடியாது. அதற்கு எண்ணத் தெரியாது. சர்வர்தான் எண்ணித் தர வேண்டும்.

2004 மார்ச்சில் 'ஏ லிஸ்ட் அபார்ட்' இதழில் டேவிட் எஃப். மில்லர் 'ஸீப்ரா டேபிள்ஸ்' என்று ஒரு கட்டுரை எழுதினார். பட்டை தீட்டும் வேலையை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்துவிடலாம் என்றார். நமக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை; வரிக்குதிரையில் வரி ஏற்கெனவே இருக்கிறது. 2006-இல் வந்த ஜேக்வெரி அந்த வேலையை ஒரே வரியாகச் சுருக்கியது.

அந்த ஒரு வரியை நானும் சீட்டுப் பட்டியலில் போட்டேன். ஒரு நாள் கணக்காளர் கூப்பிட்டார். "தம்பி, இவங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?" திரையில் அடுத்தடுத்து இரண்டு சாம்பல் வரிசைகள். நடுவில் இருந்தவரை நீக்கியபோது பட்டையை மறுபடி தீட்ட மறந்திருந்தேன். நான் அலங்காரம் என்று நினைத்ததை அவர் தகவலாகப் படித்திருக்கிறார்.

சிஎஸ்எஸ் எண்ணக் கற்றுக்கொண்டு, 'என்த்-சைல்ட்' தரமாக ஏற்கப்பட்டது 2011 செப்டம்பரில். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9-க்கு அது புரியும்; 8-க்குப் புரியாது. சீட்டு அலுவலகத்தில் இருந்ததோ எக்ஸ்பி கணினி, அதில் 8-க்கு மேல் ஏறாது. எண்ணும் முறையிலும் ஒரு குழப்பம்: ஜேக்வெரியின் 'ஈவன்' பூஜ்யத்திலிருந்து எண்ணும், சிஎஸ்எஸ் ஒன்றிலிருந்து. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டால் வெள்ளை சாம்பலாகும், சாம்பல் வெள்ளையாகும். தேடும்போது மறைத்துவைத்த வரிசைகளையும் சிஎஸ்எஸ் சேர்த்தே எண்ணும். கண்ணில் படுபவற்றை மட்டும் தேர்ந்து எண்ணும் வசதி எல்லா முக்கிய உலாவிகளுக்கும் வந்துசேர 2023 ஆனது.

இதற்குள் கேள்வியே மாறிவிட்டது. 2012 ஜூனில் ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பின் 1.0 வந்தது. அதன் 'என்ஜி-ரிப்பீட்' பட்டியலைத் தரவிலிருந்து நேராக வரைந்தது; ஒவ்வொரு வரிசைக்கும் அதன் எண்ணைத் தானே சொன்னது. ஒருவரை நீக்கினால் எண்ணிக்கையும் தானாகத் திருந்தும். அதைவிடப் பெரிய விஷயம் 'என்ஜி-கிளாஸ்', 'என்ஜி-ஸ்டைல்'. இத்தனையாவது வரிசை என்று பார்க்காமல், அந்த வரிசையில் இருப்பவரின் நிலையைப் பார்த்து நிறம் கொடுக்கலாம். 2013-இல் ரியாக்ட், 2014-இல் வியூ என்று பின்னால் வந்தவையும் இதே வழியில்தான் போயின.

புதிய நிரலைக் கணக்காளரிடம் காட்டினேன். பாக்கி இருந்தால் சிவப்பு, கட்டிவிட்டால் வெள்ளை. பார்த்துவிட்டு, "ஒரே குடும்பத்துச் சீட்டுக்கெல்லாம் ஒரே நிறம் குடுக்க முடியுமா தம்பி?" என்றார். பழைய கேள்வியை அவர் மறக்கவில்லை. அரை நாளில் செய்துகொடுத்தேன்.

மாதக் கடைசியில் போனபோது அதே பட்டியலை அச்செடுத்து மேசைமேல் விரித்திருந்தார். நாமாகச் சொன்னாலொழிய உலாவிகள் பின்னணி நிறத்தை அச்சிடாது, நான் சொல்லவில்லை. தாள் முழுக்க வெள்ளை. பெயருக்கும் தொகைக்கும் நடுவே கண் வழுக்காமல் இருக்க, வரிக்குக் கீழே மர ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார்.