நரியின் பெயர் தாங்கிய கிழங்கு

யூனானி மருந்துக் கடைகளில் 'சாலாமிசிரி' என்றொரு உலர்ந்த கிழங்கு விற்கப்படுவதை நம்மில் பலர் அறிவோம். லேகியங்களில் உடல் வலிமைக்கெனச் சேர்க்கப்படும் சரக்கு அது. 'தஃலப்' என்னும் அரபுச் சொல்லுக்கு நரி என்பது பொருள். 'மிஸ்ர்' என்பது எகிப்து. ஆயினும் அனதோலியா, சைப்ரஸ், ஈரான் முதலிய நிலங்களில் தாமே முளைக்கும் ஆர்க்கிட் செடிகளே இதற்குப் பெயர்பெற்றவை. இமயமலையில் கிடைக்கும் ஓர் இனமும் இதே பெயரில் விலைபோகிறது.

இச்செடியின் வேரடியில் இரு கிழங்குகள் இணைந்திருக்கும். அவ்வடிவைக் கண்டே கிரேக்கர் 'ஆர்க்கிஸ்', அதாவது விதை என்றனர். டயாஸ்கோரிடீஸின் மூலிகை நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இஸ்திஃபான் இப்னு பாஸில் அரபியில் பெயர்க்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைத் திருத்தினார். அரபு மருத்துவர் இக்கிழங்கை 'நரியின் விதைகள்' என வழங்கினர். மாலகாவில் பிறந்து ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார் ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தபோது இதற்கும் இடமளித்தார்.

இரண்டில் ஒன்று இவ்வாண்டு செலவாகிச் சுருங்குவது. மற்றது வரும் ஆண்டிற்கான சேமிப்பு. மருந்துக்கு விரும்பப்படுவதோ பருத்த புதுக்கிழங்கு! அதை எடுத்தபின் செடி மீள்வதில்லை. ஒரு கிலோ மாவிற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் வேண்டும். துருக்கி இதன் ஏற்றுமதியைத் தடை செய்திருப்பது இதனாலேயே.

இவ்வினத்தின் உறவினரைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் செல்லும் வழியில் நன்மங்கலம் காப்புக்காடு உள்ளது. கைவிடப்பட்ட கல்குவாரியும் முட்புதரும் நிறைந்த அங்கே அரிய தரை ஆர்க்கிடுகள் வாழ்கின்றன. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துப் புதர்க்காட்டிற்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் ஓய்வு நேரத்தில் தாவரம் தேடியவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் 'ஹெபனேரியா பார்ன்ஸியை' என்னும் ஆர்க்கிட் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வேதியியலார்க்கு மலர் தந்த பெருமை!

கோடையில் இக்காட்டைப் பார்ப்பவர் வெறும் பொட்டல் என்றே எண்ணுவர். தரை ஆர்க்கிடுகள் அப்போது மண்ணுக்குள் உறங்கும். மழை கண்டபின்னரே இலைவிடும். மனைகள் பெருகிவரும் இப்புறநகரில் இவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிடலாம் என்பாரும் உளர். ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு இல்லை. மண்ணில் வாழும் பூஞ்சை ஊட்டினாலன்றி அது முளைக்காது. செடியைத் தொட்டியில் எடுத்துச் செல்லலாம். அந்த மண்ணை எடுத்துச் செல்வது எங்ஙனம்?