கேமரன் மலையில் ஆட்டிசப் பிள்ளைக்குத் தள்ளுவண்டி ஏன்?

"ஏழு வயசுப் பிள்ளைக்கு எதுக்குத் தள்ளுவண்டி?" பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனால் இந்தக் கேள்வி உங்கள் காதில் விழலாம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு நடக்க முடியும். கூட்டமும் இரைச்சலும்தான் தாங்காது. சிலர் சட்டென்று ஓடிவிடுவார்கள். சரிவான தேயிலைத் தோட்டத்தில் அது ஆபத்து. கூரையை இழுத்துவிட்ட வண்டி அவர்களுக்கு ஓர் அமைதியான இடம்.

வாங்குமுன் எடை வரம்பைப் பாருங்கள். சாதாரண வண்டிகள் பெரும்பாலும் 15 முதல் 22 கிலோ வரைதான் தாங்கும். சரிவில் கைப்பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்; நின்றால் பிரேக் போடுங்கள். செடிகளுக்கு நடுவே சக்கரம் ஓடாது, தோட்டச் சாலையே போதும். சுங்கை பாலாஸ் தேயிலை மையத்தில் படிகள் உண்டு, அதனால் மடக்கு வண்டிதான் வசதி.

சமூக நலத் துறையின் ஓ.கே.யு. அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். முறைத்துப் பார்ப்பவர்களுக்கு அதைக் காட்ட வேண்டியதில்லை.