சென்னையில் கண்ட கோள்

வல்லக்கோட்டை முருகனைத் தரிசித்துவிட்டு இரவில் திரும்பும்போதெல்லாம் ஒரகடத்து ஆலைகளின் வெளிச்சம் வானத்தின் கீழ்ப்பாதியை விழுங்கியிருக்கக் காண்கிறேன். நாண்மீன், கோண்மீன் என்று பிரித்தறிந்த மரபில் வந்தவர்களுக்கு இன்று இரண்டுமே தெரிவதில்லை. ஆனால் பிற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டு என்று அளவீட்டை முன்வைத்து எழுந்த மிகப் பழைய உரிமைகோரல்களுள் ஒன்று, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத நுங்கம்பாக்கத்தில் பிறந்தது. இலக்கிய வாசகர்கள் பலரும் அறியாத செய்தி இது.

அங்கிருந்த சென்னை வானாய்வகத்தை 1849 முதல் பத்தாண்டுகள் நடத்தியவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். ஏறத்தாழ 17 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள 70 ஒஃபியூகி என்னும் இரட்டை விண்மீனின் பாதை, கணக்கிட்டபடி அமையாமல் சற்றே விலகுவதை அவர் கண்டார். கண்ணுக்குத் தெரியாத கோளொன்று அதை அசைக்கக்கூடும் என்று 1855இல் எழுதினார். தாமஸ் ஸீ 1890களில் அதே கருத்தை மீண்டும் முன்வைத்தார். அத்தகைய மூன்றாம் உடல் அங்கே நிலைத்திருக்க இயலாது என்று 1899இல் ஃபாரஸ்ட் மோல்ட்டன் காட்டினார். ஜேக்கப் கண்ட கோள் இல்லாமற்போயிற்று. சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் கோள் உறுதியாக 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோள்கள் கிடைத்தபின் புதிய சிக்கல் எழுந்தது. 1999இல் தன் விண்மீனுக்குக் குறுக்கே கடக்கக் காணப்பட்ட ஹெச்டி 209458 பி, வியாழனைவிட நிறை குறைந்தது. ஆரமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிது. இளமையின் வெப்பம் என்று சொல்லிவிடவும் முடியாது. அதன் விண்மீன் பல நூறு கோடி வயதுடையது. விண்மீனின் வெப்பம் கோளின் உள்ளடுக்கு வரை எவ்வாறு இறங்குகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. காந்தப்புலத்தில் வீசும் மின்னூட்டக் காற்று மின்னோட்டத்தை உண்டாக்கி உள்ளே சூடேற்றுகிறது என்று 2010இல் முன்வைக்கப்பட்ட விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

இளம் விண்மீன்களின் கதை வேறு. உருவான காலத்து வெப்பம் தணியாததால் கோள் ஊதியே நிற்கும். ஆண்டுகள் கடக்கக் கடக்கச் சுருங்கும். 1.7 கோடி ஆண்டு வயதுடைய ஹெச்ஐபி 67522ஐ ஏழு நாளுக்கு ஒருமுறை சுற்றும் கோள் வியாழன் அளவை நெருங்குகிறது. நிறையோ வியாழனின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு!

இங்கே ஜேக்கப்பின் நினைவு வருகிறது. கோளின் ஆரத்தை, கடக்கும்போது குறையும் ஒளியைக் கொண்டே அளக்கிறோம். கொந்தளிக்கும் இளம் விண்மீனின் முகத்தில் கரும்புள்ளிகள் நிறைந்திருக்கும். கோள் கடக்காத பகுதியில் அவை இருந்தால் கோள் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். வீக்கத்தில் எவ்வளவு கோளுடையது, எவ்வளவு விண்மீனின் மாயம் என்று பிரிப்பதே இன்றைய உழைப்பு.

அந்தக் கோள் தன் விண்மீனைத் தூண்டித் தீப்பிழம்புகளை எழுப்புகிறது என 2025இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. அப்பிழம்புகள் அதன் வளிமண்டலத்தையே கரைக்கின்றன. இன்னும் பத்துக் கோடி ஆண்டுகளில் அது நெப்டியூன் அளவுக்குச் சுருங்கிவிடலாமாம்.