ஸ்பானரும் இரண்டு சென்டும்

நட்டு முடுக்கும் ஸ்பானரின் சாக்கெட்டைக் கழற்ற முன்பு இரு கைகளும் வேண்டும். அமெரிக்காவில் சியர்ஸ் கடைச் சிப்பந்தியான 18 வயது பீட்டர் ராபர்ட்ஸ், பொத்தானை அழுத்தினால் சாக்கெட் தானே கழன்று விழும் ஸ்பானரை ஓய்வு நேரத்தில் உருவாக்கினார். 1965இல் காப்புரிமையும் பெற்றார்.

அதிகம் விற்காது என்று கூறிய நிறுவனம், ஒன்றுக்கு 2 சென்ட், மொத்தம் 10,000 டாலருக்கு மிகாது என்று எழுதி வாங்கியது. ஒன்பதே மாதங்களில் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது! அத்தோடு உரிமை முழுவதும் நிறுவனத்துக்கே போயிற்று.

ராபர்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். ஏமாற்றியே வாங்கினார்கள் என்று 1977இல் ஜூரிகள் 10 லட்சம் டாலர் அளித்தனர். அடுத்தது காப்புரிமை வழக்கு. இப்போது நிறுவனம், முந்திய அமைப்புகளைப் பார்த்தவர் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே இது என்று வாதாடியது. அப்படியானால் காசு கொடுத்து வாங்குவானேன்? 1983இல் மேல்நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 1989இல்தான் இரு தரப்பும் சமரசமாயின.