இரண்டாவது கோடு

மருந்துக் கடையில் இதைக் கேட்கும்போது மட்டும் நம் பெண்களுக்குக் குரல் இறங்கிவிடும். "அண்ணா, அந்த டெஸ்ட் கிட் ஒண்ணு குடுங்க." கடைக்காரரும் காய்ச்சல் மாத்திரையை எடுத்து நீட்டுவதுபோல் நீட்டமாட்டார். பழைய செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கறுப்புக் கவரும் போட்டுத் தருவார். உள்ளே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டை, சொட்டு விட ஒரு சிறு குழாய், ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அவ்வளவுதான். இது அந்தக் கவருக்குள் வந்து சேர மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம் வீடுகளில் கர்ப்பத்தை அறியக் கருவி இருந்ததில்லை; சொல் இருந்தது. 'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்கள். மாதவிலக்கு வந்தால்தானே அது முடிந்து தலை முழுக வேண்டும்? மருமகள் தலை முழுகி எத்தனை நாள் ஆயிற்று என்று மாமியார் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். மருமகள் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்கே விஷயம் தெரிந்துவிடும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தில் சோதனையே இருந்தது: கோதுமை, பார்லி விதைகள் மேல் தினமும் சிறுநீர் விடச் சொன்னார்கள், முளைத்தால் கர்ப்பம். சிரிக்க வேண்டாம். 1963-இல் இதைச் செய்து பார்த்தபோது, கர்ப்பிணிகளின் சிறுநீர் பட்ட விதைகள் சுமார் 70 சதவீதம் முறை முளைத்தன. எந்தத் தானியம் முளைக்கிறது என்று பார்த்து ஆணா பெண்ணா என்று சொன்னார்களே, அதுதான் பொய்த்துப்போனது.

சிறுநீரில் இருப்பது ஒரு ஹார்மோன் என்று பிடிபட்டது 1920-களின் கடைசியில், பெர்லினில். ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இருவர் பெண்ணின் சிறுநீரைக் குட்டிச் சுண்டெலிகளுக்கு ஊசியில் ஏற்றி, சில நாள் கழித்து அறுத்துப் பார்த்தார்கள். கர்ப்பம் என்றால் எலியின் சூலகம் வளர்ந்திருக்கும். பிறகு முயலின் முறை வந்தது. 'முயல் செத்துவிட்டது' என்றால் அமெரிக்காவில் கர்ப்பம் என்று அர்த்தம். உண்மையில் முடிவு எதுவானாலும் முயல் செத்தது. அறுக்காமல் எப்படிப் பார்ப்பது? உயிர் தப்பியது தென்னாப்பிரிக்கத் தவளைதான். லான்சலாட் ஹாக்பென்னின் ஆய்வுவழி வந்த அந்தச் சோதனையில், ஊசி போட்ட பெண் தவளை மறுநாளுக்குள் முட்டையிட்டால் கர்ப்பம். அதே தவளையைச் சில வாரம் கழித்து மறுபடியும் பயன்படுத்தலாம்.

1960-இல் ஸ்வீடனில் பிராணியின் வேலையைச் சோதனைக்குழாய் எடுத்துக்கொண்டது. ஆனாலும் பெண் தன் சிறுநீரை மருத்துவரிடம் கொடுப்பாள், மருத்துவர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார், பதில் அவருக்கு வரும். யாருடைய வயிறோ அவளுக்குக் கடைசியில்தான் தெரியும்.

1967-இல் மார்கரெட் க்ரேன் என்ற 26 வயதுப் பெண் நியூ ஜெர்ஸியில் ஆர்கனான் என்ற மருந்து நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். விஞ்ஞானி இல்லை, டிசைனர். முகப்பூச்சு டப்பாக்கள் வரைவது அவர் வேலை. ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் வரிசையாகச் சோதனைக்குழாய்கள் தொங்குவதையும் அவற்றுக்குக் கீழே கண்ணாடி இருப்பதையும் பார்த்தார். விசாரித்தால், கர்ப்பச் சோதனை. குழாயில் ஆட்டின் சிவப்பணுக்கள் இருக்கும். கர்ப்பம் என்றால் அவை சரிந்து அடியில் வளையமாகப் படியும். அடியைப் பார்க்கத்தான் கண்ணாடி. இவ்வளவுதானா, இதை வீட்டிலேயே செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. பேப்பர் கிளிப் போட்டுவைக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குழாயைப் பொருத்தி, அடியில் கண்ணாடி வைத்து, கூட ஒரு சொட்டுக்குழாயும் சேர்த்து எடுத்துப்போனார். நிறுவனம் தயங்கியது, மருத்துவர்கள் கோபித்துக்கொண்டால் பிழைப்பு என்ன ஆவது? பிறகு மனம் மாறியபோது, வேறு டிசைனர்கள் பெண்களுக்கான பொருளாயிற்றே என்று குஞ்சலமும் அலங்காரமுமாகச் செய்துவந்தார்கள். ஜெயித்தது பேப்பர் கிளிப் டப்பா. 1971-இல் கனடாவில் 'ப்ரெடிக்டர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. காப்புரிமையில் கண்டுபிடித்தவர் க்ரேன். உரிமையை எழுதிக்கொடுத்ததற்கு விலை 1 டாலர். அந்த டாலரும் கைக்கு வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1988-இல் கண்ணாடியும் குழாயும் போய், 'கிளியர்புளூ' என்ற பெயரில் சோதனை ஒரே பட்டையாகச் சுருங்கியது. இன்று கறுப்புக் கவருக்குள் இருப்பது அதன் வம்சம். கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய பிறகு எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரந்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரட்டிப்பாகும். சொட்டு பட்டையில் ஊறிப் போகும் வழியில் சாயம் பூசிய எதிர்ப்பொருள் அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும். 'டி' என்ற இடத்தில் இருவரும் சேர்ந்து பிடிபட்டுக் கோடாவார்கள். 'சி' கோடு, சோதனை ஒழுங்காக நடந்தது என்பதற்குச் சாட்சி. அதுவே வராவிட்டால் அந்த கிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

நாள் தள்ளிப்போன பிறகு, காலை முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மத்தியானம் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தால் காய்ந்த தடம்கூடக் கோடுபோல் தெரியும். மங்கலான கோடும் கோடுதான் என்பதால் மருத்துவரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே கோடு வந்து நாளும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, தாய்ப்பால் கொடுப்பது, மனக்கவலை எல்லாமே நாளைத் தள்ளிப்போடும்.

பட்டைக்குத் தெரியாதது ஒன்று உண்டு: கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்பது. அது கருக்குழாயிலேயே தங்கியிருந்தாலும் இரண்டு கோடு விழும். நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றி மயக்கம் என்று எது வந்தாலும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.